சான்டா கிளாரா கவுண்டிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? மருத்துவத்துக்கு முதலில் செய்ய வேண்டியவை

சான் ஹோசேயிலோ சன்னிவேலிலோ வீடு பிடித்து, வங்கிக் கணக்கு தொடங்கி, ஓட்டுநர் உரிமம் வாங்கி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். மருத்துவ விஷயம் மட்டும் "யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஊரில் அது சரி. காய்ச்சல் வந்த அன்று மாலையே தெருமுனை டாக்டரிடம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ராத்திரிக்குள் மாத்திரையோடு வீடு திரும்பலாம். இங்கே அப்படி நடக்காது. புதிய நோயாளியாகப் பதிவு செய்யவே வாரக்கணக்கில் ஆகும்.

இந்தக் கவுண்டியில் நல்ல மருத்துவம் இருக்கிறது. காப்பீடு இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் உடம்பு நன்றாக இருக்கும்போதே காகித வேலையை முடித்து வைத்திருக்க வேண்டும். தெரியாததாலும் பயத்தாலும் தள்ளிப்போட்டு, கடைசியில் எமர்ஜென்சிக்கு ஓடுகிறவர்களை நம்மவர்களிடையே அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே என்ன இருக்கிறது

பாலோ ஆல்டோவிலிருந்து தெற்கே கில்ராய் வரை 15 ஊர்கள், சுமார் 19 லட்சம் மக்கள் கொண்டது சான்டா கிளாரா கவுண்டி. நகராட்சி தண்ணீரும் குப்பையும் பார்த்துக்கொள்ளும். பொதுச் சுகாதாரம், ஏழைகளுக்கான மருத்துவம், மனநல சேவை, மெடி-கால் என்ற அரசுக் காப்பீட்டுக்கான விண்ணப்பம் எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. கோவிட் காலத்தில் 2020 மார்ச் 16 அன்று, நாட்டிலேயே முதலாவதாக "வீட்டிலேயே இருங்கள்" என்று உத்தரவிட்ட ஆறு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாக் கவுண்டிகளில் இதுவும் ஒன்று. அன்று இங்கே சுகாதார அதிகாரியாக இருந்தவர் டாக்டர் சாரா கோடி. உங்கள் குழந்தையின் பள்ளித் தடுப்பூசி விதியிலிருந்து உணவகச் சோதனை வரை கவுண்டியின் கை இருக்கும்.

மருத்துவமனைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகை தனியார் மற்றும் லாப நோக்கமற்ற பெரிய அமைப்புகள்: பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டும் அதன் லூசில் பேக்கார்ட் குழந்தைகள் மருத்துவமனையும், மவுன்டன் வியூவிலும் லாஸ் கேட்டோஸிலும் எல் கமினோ, சான் ஹோசேயில் குட் சமாரிட்டன். இரண்டாவது கைசர். தன்னிடம் காப்பீடு எடுத்தவர்களுக்குத் தன் மருத்துவமனைகளிலேயே எல்லாவற்றையும் பார்க்கும் தனி உலகம் அது. சான்டா கிளாரா நகரிலும் தெற்கு சான் ஹோசேயிலும் அதன் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. மூன்றாவது கவுண்டியே நடத்தும் சான்டா கிளாரா வேலி ஹெல்த்கேர். புதிதாக வருகிற நம்மவர்களுக்கு இந்த மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்கம் அவென்யூவில் இருக்கும் வேலி மெடிக்கல் சென்டர் 1876-ல் தொடங்கியது. கவுண்டி ஆஸ்பத்திரி என்றதும் நம் மனதில் எழும் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். உயர்நிலை விபத்து சிகிச்சை மையம், தீக்காயப் பிரிவு, முதுகுத்தண்டு மறுவாழ்வுப் பிரிவு எல்லாம் அங்கே இருக்கின்றன. நெடுஞ்சாலை விபத்தில் சிக்குகிற கோடீஸ்வரரையும் ஆம்புலன்ஸ் அங்கே கொண்டுபோகலாம். திவாலான ஓர் அமைப்பிடமிருந்து சான் ஹோசேயின் ஓ'கானர் மருத்துவமனையையும் கில்ராயின் செயின்ட் லூயிஸ் மருத்துவமனையையும் கவுண்டி 2019-ல் வாங்கியது. 2025 ஏப்ரலில் கிழக்கு சான் ஹோசேயின் ரீஜனல் மெடிக்கல் சென்டரும் கவுண்டியின் கைக்கு வந்தது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. வருமானமும் ஆயுளும் கூடிய இந்தக் கவுண்டியில் கிழக்கு சான் ஹோசே பல ஆண்டுகளாக இழந்துகொண்டே வந்த பகுதி. நகர மையத்தில் இருந்த சான் ஹோசே மெடிக்கல் சென்டர் 2004-ல் மூடப்பட்டது. ரீஜனலில் பிரசவப் பிரிவு 2020-ல் போனது. விபத்து சிகிச்சைப் பிரிவையும் கைவிடப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள். செவிலியர்களும் அந்தப் பகுதி மக்களும் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் கவுண்டி மருத்துவமனையையே வாங்கியது. என்னைக் கேட்டால், கவுண்டி அரசு சமீபத்தில் செய்த மிக உருப்படியான காரியம் இதுதான். 2025 நவம்பரில் கவுண்டி மருத்துவச் செலவைத் தாங்குவதற்காக விற்பனை வரியை 0.625 சதவீதம் உயர்த்தவும் மக்கள் வாக்களித்தார்கள். நீங்கள் கடையில் கொடுக்கிற வரியில் இதுவும் சேர்ந்திருக்கிறது. அந்த மருத்துவமனைக்குப் போக யாரும் கூச்சப்பட வேண்டாம்.

வீடு தேடும்போது தூரத்தையும் பாருங்கள். மார்கன் ஹில்லில் வாடகை சற்றுக் குறைவு என்று போகிறவர்கள், அந்த ஊரில் மருத்துவமனை இல்லை, அடுத்தது கில்ராயிலோ தெற்கு சான் ஹோசேயிலோதான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கர்ப்பிணியோ இதய நோயாளியோ வீட்டில் இருந்தால் இது சின்ன விஷயம் அல்ல. காருக்கு வழியில்லாதவர்களுக்கு, விடிஏ என்ற உள்ளூர்ப் பேருந்துச் சேவையின் 25-ம் எண் பேருந்து, குப்பர்டினோவின் டி அன்சா கல்லூரியிலிருந்து வேலி மெடிக்கல் சென்டர் வழியாகக் கிழக்கு சான் ஹோசே வரை போகிறது.

படி 1: வேலையில் சேர்ந்த முதல் மாதமே காப்பீட்டைத் தேர்ந்தெடுங்கள்

கம்பெனி காப்பீட்டில் சேர்வதற்குப் பொதுவாக 30 நாள்தான் கொடுப்பார்கள். விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படியே, 30 நாளுக்குள் பெயரைச் சேர்த்தாக வேண்டும். பிரசவக் களைப்பில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

மூன்று வகை கண்ணில் படும். எச்எம்ஓ எடுத்தால் ஒரு குடும்ப மருத்துவர், அவர் சீட்டு எழுதினால்தான் நிபுணர், குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் சிகிச்சை. செலவு முன்கூட்டியே தெரியும். பிபிஓ-வில் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், பிரீமியம் கூடுதல். மூன்றாவது டிடக்டிபிள் அதிகமான திட்டம். மாதப் பிரீமியம் குறைவு, வரிச் சலுகையோடு எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும் வரும், ஆனால் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் கையிலிருந்து போகும். "நான் சின்ன வயசு, ஒன்றும் வராது" என்று இதை எடுக்கும் இளைஞர்கள் அந்த முதல் தொகையைச் சேமிப்பில் தயாராக வைத்திருந்தால் சரி. அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

திட்டங்களை ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் ஆண்டில் உங்கள் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்ற வரம்பு ஒன்று ஒவ்வொரு திட்டத்திலும் எழுதியிருக்கும். மோசமான ஆண்டு ஒன்று வந்தால் அந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

வேலை போனால் இரண்டு வழி. கோப்ரா என்ற ஏற்பாட்டில் பழைய காப்பீட்டையே முழுப் பிரீமியமும் கட்டி பொதுவாக 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க 60 நாள் உண்டு. அதற்குள் எடுத்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். அல்லது கவர்டு கலிபோர்னியா என்ற மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் அதே 60 நாளுக்குள் சேரலாம். பிரீமியத்தை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள், வருமானம் குறைந்திருந்தால் இரண்டாவது மலிவாக இருக்கலாம். காப்பீடே இல்லாமல் இருந்தால் கலிபோர்னியா 2020-லிருந்து வரியில் அபராதம் போடுகிறது. ஆண்டு முழுக்க இல்லாதிருந்தால், 2025 கணக்கில் பெரியவருக்குக் குறைந்தது 950 டாலர், குழந்தைக்கு அதில் பாதி. மூன்று மாதம் வரையிலான சிறு இடைவெளிக்கு விலக்கு உண்டு.

படி 2: நோய் வருமுன் குடும்ப மருத்துவர்

காப்பீட்டு அட்டை கைக்கு வந்த வாரமே ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து, வருடாந்திரப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். தடுப்புக்கான அந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலான திட்டங்களில் கட்டணம் கிடையாது. இருந்தாலும் அதே சந்திப்பில் "முழங்கால் வலிக்கிறது டாக்டர்" என்று தனிப் பிரச்சினையை எடுத்தால் அதற்கு வேறாகக் கட்டணம் வரலாம். தெரிந்துகொண்டு பேசுங்கள்.

"புதிய நோயாளிகளை எடுப்பதில்லை", "நாலு மாதம் கழித்துத்தான் நேரம்" என்று சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். கலிபோர்னியா மாநிலம் மேற்பார்வையிடும் காப்பீட்டுத் திட்டங்களுக்குக் கெடு உண்டு. அவசரமில்லாத குடும்ப மருத்துவச் சந்திப்பு 10 வேலை நாளுக்குள், நிபுணர் 15 வேலை நாளுக்குள், முன் அனுமதி தேவைப்படாத அவசரச் சிகிச்சை 48 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தையே அழைத்து, "இந்தக் கெடுவுக்குள் ஒரு மருத்துவரை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்" என்று கேளுங்கள். மசியாவிட்டால் மாநில மேற்பார்வைத் துறையின் உதவி எண் 1-888-466-2219. சிகிச்சையை மறுத்தார்கள் என்றால் வெளி மருத்துவர்களைக் கொண்டு மறு ஆய்வு செய்யவும் இந்தத் துறையிடம் கேட்கலாம், இலவசம்தான். பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்று நடத்துகின்றன. அந்தத் திட்டங்கள் இந்தத் துறைக்குள் வராது, கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் கீழ் வரும். எந்த வகை என்று உங்கள் எச்ஆரிடம் ஒரு வரி கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லலாம். தொலைபேசியிலோ வீடியோவிலோ ஒருவர் வருவார். உங்களுக்கு ஆங்கிலம் வரும் என்றாலும், அம்மாவுக்காகக் கேட்கும்போது நீங்களே மொழிபெயர்ப்பதைவிட இது நல்லது. மகனிடமோ மருமகளிடமோ சொல்ல வெட்கப்படும் விஷயங்களை அறியாத ஒரு குரலிடம் அம்மா சொல்லிவிடுவார்.

காப்பீடு இல்லையென்றால்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் தெரிந்தவர் ஒருவருக்குத் தேவைப்படும்.

முதலில் மெடி-கால். வருமானம் குறைந்தவர்களுக்கான கலிபோர்னியாவின் அரசுக் காப்பீடு. பெரியவர்களுக்கு வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை தகுதி. 2025 கணக்கில் தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர், நாலு பேர் குடும்பத்துக்குச் சுமார் 44,400 டாலர். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வரம்பு இன்னும் உயர்வு. குழந்தைகளுக்கு மாநிலம் முழுவதும் 266 சதவீதம், ஆனால் சான்டா கிளாரா, சான் மாட்டியோ, சான் பிரான்சிஸ்கோ என்ற மூன்று கவுண்டிகளில் மட்டும் 322 சதவீதம் வரை வழி இருக்கிறது. அதாவது நாலு பேர் குடும்பம் ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல் சம்பாதித்தாலும் பிள்ளைகளுக்குக் கேட்டுப் பார்க்கலாம். வருமானம் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும், குடியேற்ற நிலை பாராமல் காப்பீடு என்று 2001-லேயே நாட்டுக்கு வழிகாட்டிய கவுண்டி இது. பெனிஃபிட்ஸ்கால் இணையதளத்திலோ கவுண்டியின் சமூக சேவைத் துறை அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு எந்தத் திட்டத்தின் கீழ் வர விருப்பம் என்று கேட்பார்கள். உள்ளூர்ப் பொதுத் திட்டமான சான்டா கிளாரா ஃபேமிலி ஹெல்த் பிளானும் அதில் ஒன்று.

இங்கே ஒரு கெட்ட செய்தியும் உண்டு. குடியேற்ற ஆவணம் இல்லாத பெரியவர்களையும் வயது வாரியாகச் சேர்த்துக்கொண்டு வந்த கலிபோர்னியா, 2024 ஜனவரியில் அந்த வட்டத்தை முழுமையாக்கியது. இரண்டே ஆண்டில், 2026 ஜனவரி 1 முதல், 19 வயதும் அதற்கு மேலும் ஆன ஆவணமற்றவர்களை முழு மெடி-காலில் புதிதாகச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. எமர்ஜென்சி சிகிச்சையும் கர்ப்ப காலச் சிகிச்சையும் அவர்களுக்குத் தொடர்கின்றன. குழந்தைகளுக்கும் பாதிப்பில்லை. ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள் ஆண்டுதோறும் வருகிற புதுப்பிப்புக் கடிதத்தை எந்தக் காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது, விட்டால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம். வீடு மாறியவர்கள் முகவரியை உடனே மாற்றுங்கள்.

"மெடி-கால் வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா?" என்ற கேள்வி வரும். 2022-ல் வந்த கூட்டாட்சி விதிப்படி, அரசுச் செலவில் நீண்ட கால நர்சிங் ஹோம் பராமரிப்பு தவிர, சாதாரண மெடி-கால் மருத்துவத்தை கிரீன் கார்டு முடிவில் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விதியை மாற்றும் முயற்சி நடக்கிறது. அதனால் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பயப்படாமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். சான் ஹோசேயின் ஏசியன் லா அலையன்ஸ் போன்ற சட்ட உதவி அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை தருகின்றன. பிள்ளை அமெரிக்காவில் பிறந்திருந்தால் அதன் காப்பீட்டை இந்தப் பயத்தில் நிறுத்தவே வேண்டாம்.

வருமானம் மெடி-கால் வரம்பைத் தாண்டினால் கவர்டு கலிபோர்னியா. சேர்க்கை வழக்கமாக நவம்பர் 1-ல் திறக்கும். கடைசித் தேதியை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கலிபோர்னியாவுக்குக் குடிவந்ததும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படும், வந்த 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். கவுண்டியே நடத்தும் வேலி ஹெல்த் பிளானும் இந்தச் சந்தையில் கிடைக்கிறது.

எதிலும் தகுதி வராதவர்களுக்கு, கவுண்டி மருத்துவமனையிலும் சன்னிவேல், மில்பிடாஸ், டலி சாலை, கில்ராய் என்று பல இடங்களில் இருக்கும் வேலி ஹெல்த் சென்டர்களிலும் ஹெல்த்கேர் ஆக்ஸஸ் புரோகிராம் என்ற சலுகை இருக்கிறது. கவுண்டியில் வசிப்பதற்கும் வருமானத்துக்கும் சான்று காட்டினால், கட்டணம் குறையும் அல்லது இல்லாமலே போகும். காப்பீடு இருந்தும் கட்ட முடியாதவர்களும் கேட்கலாம்.

கவுண்டி நடத்துபவை தவிர சமூக கிளினிக்குகளும் இருக்கின்றன. வருமானத்துக்கு ஏற்ப கட்டணம். 1973-ல் தொடங்கிய ஏஏசிஐ ஆசியக் குடும்பங்களை நன்கு அறிந்த அமைப்பு. கார்ட்னர் ஹெல்த் சர்வீசஸ் இன்னொன்று. இண்டியன் ஹெல்த் சென்டர் என்ற பலகையைப் பார்த்து அது நமக்கானது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது அமெரிக்கப் பழங்குடியினருக்காகத் தொடங்கப்பட்டது, இருந்தாலும் எல்லோரையும் பார்க்கிறார்கள், தாராளமாகப் போகலாம். மவுன்டன் வியூவில் ரோட்டாகேர் இலவச கிளினிக் நடத்துகிறது. ஸ்டான்ஃபோர்ட் மருத்துவ மாணவர்கள் மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் நடத்தும் இலவச கிளினிக்குகளும் இருக்கின்றன.

எமர்ஜென்சியும் பில்லும்

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம். இவற்றில் எது வந்தாலும் 911. காப்பீடு என்ன, எந்த மருத்துவமனை என்று யோசிக்க வேண்டாம். எம்டாலா என்ற 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, பணமோ ஆவணமோ பார்க்காமல் எமர்ஜென்சியில் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். காதுவலி, சிறுநீர்த் தொற்று, சுளுக்கு, தையல் போடும் அளவு வெட்டு ஆகியவற்றுக்கு அர்ஜென்ட் கேர் கிளினிக் போதும். செலவு பல மடங்கு குறையும், காத்திருப்பும் குறைவு. எதற்குப் போவது என்று குழப்பமாக இருந்தால் காப்பீட்டு அட்டையின் பின்னால் இருக்கும் நர்ஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

அப்புறம் பில் வரும். முதல் பில்லைப் பார்த்ததும் பதறிக் கட்டிவிடாதீர்கள். காப்பீடு இருந்தால் அவர்கள் அனுப்பும் விளக்கக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். மருத்துவமனையிடம் வரி வரியாகப் பிரித்த பில் கேளுங்கள். கலிபோர்னியாவின் நியாய விலைச் சட்டப்படி, காப்பீடு இல்லாதவரும், காப்பீடு இருந்தும் வருமானத்தில் பெரும் பங்கை மருத்துவத்துக்குக் கொடுத்தவரும், வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 2025 கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு அது 1,28,600 டாலர். ஒரே சம்பளத்தில் ஓடும் பல எச்-1பி குடும்பங்கள் இதற்குள் வரும். தங்களுக்கு இது பொருந்தும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. "ஃபினான்ஷியல் அசிஸ்டன்ஸ் அப்ளிகேஷன் வேண்டும்" என்று கேட்டால் போதும். முதல் பில் வந்து 180 நாள் வரை வசூல் நிறுவனத்திடம் தள்ளவும் முடியாது.

குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் முன்

ஊரிலிருந்து தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். 2016 முதல் கலிபோர்னியாவில் தனிப்பட்ட நம்பிக்கை என்று சொல்லி விலக்கு வாங்க முடியாது. இரண்டு இடத்தில் நம் குழந்தைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவில் ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது, முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும். சின்னம்மை ஊசி இந்திய அரசு அட்டவணையிலேயே இல்லாததால் பலருக்கு விடுபட்டிருக்கும். இது தவிர, இந்தக் கவுண்டியில் பள்ளியில் சேர காசநோய் ஆபத்து மதிப்பீட்டுப் படிவமும் வேண்டும். மருத்துவர் கையெழுத்துப் போடுவார். பிசிஜி போட்ட குழந்தைக்குத் தோல் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும், அதனால் இரத்தச் சோதனை கேளுங்கள். பாசிட்டிவ் வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. உறங்கும் காசநோய்க்குச் சில மாத மாத்திரை போதும், யாருக்கும் தொற்றாது. இந்தக் கவுண்டியின் காசநோயாளிகளில் பெரும்பாலோர் நம்மைப் போல வெளிநாட்டில் பிறந்தவர்கள், அதனால் பெரியவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாம் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்

ஒல்லியாகத்தான் இருக்கிறேன், சைவம்தான் சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் நம் இதயத்தைக் காப்பதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வந்தது. 2018-ல் வந்த அமெரிக்கக் கொழுப்பு வழிகாட்டுதலே தெற்காசியப் பூர்வீகத்தை ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25 என்ற அளவு, ஆசியர்களுக்கு 23. ஐந்தடி ஏழங்குல உயரமுள்ளவருக்கு அது சுமார் 66, 67 கிலோ. அலுவலகத்தில் "ஃபிட்" என்று பெயர் வாங்கிய ஆளும் அதைத் தாண்டியிருப்பார்.

மருத்துவரிடம் போகும்போது ஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை, முழுக் கொழுப்புப் பட்டியல், இரத்த அழுத்தம் மூன்றையும் கேளுங்கள். குடும்பத்தில் சிறு வயது மாரடைப்பு இருந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற சோதனையையும் கேளுங்கள், பரம்பரையாக வரும் அளவு அது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். ஹெபடைட்டிஸ் பி சோதனையும் ஒருமுறை. இதய விஷயத்தில் நாம் இருக்குமிடம் பெரிய வசதி. மவுன்டன் வியூ எல் கமினோவில் 2006 முதல் சவுத் ஏசியன் ஹார்ட் சென்டர் இருக்கிறது. அங்கே இட்லி, சாதம், நெய் எல்லாம் தெரிந்தவர்கள் உணவு ஆலோசனை சொல்வார்கள், "ஓட்ஸ் சாப்பிடுங்கள்" என்று முடித்துவிட மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டிலும் 2014 முதல் தெற்காசியர்களுக்கென்று தனி இதயப் பிரிவு நடக்கிறது. 30 வயதைத் தாண்டியவர்கள் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள்.

மருந்துச் செலவுக்கு ஒரு வழி: காஸ்ட்கோ பார்மசியில் மருந்து வாங்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் கால்ஆர்எக்ஸ் என்று கேளுங்கள். கலிபோர்னியா அரசின் பெயரில் 2026 ஜனவரி முதல் ஐந்து பேனா கொண்ட பெட்டி 55 டாலருக்குக் கிடைக்கிறது.

மனம்

எச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக முடியாமல், நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருக்கும் பெண்கள் இந்த ஊரில் ஏராளம். பிரசவத்துக்குப் பிறகு வரும் சோர்வையும் "எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று தள்ளிவிடுகிறோம். அது நோய், மருந்தும் பேச்சும் அதற்கு உதவும். மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைக்கலாம். கவுண்டியின் மனநல அழைப்பு மையம் 1-800-704-0900. போலீஸ் இல்லாமல் ஆலோசகர்கள் மட்டும் நேரில் வரும் டிரஸ்ட் என்ற குழுவும் கவுண்டியில் இருக்கிறது, 988 வழியாகவே கேட்கலாம். வீட்டில் அடி, மிரட்டல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தல் நடந்தால் மைத்ரி என்ற அமைப்பை நாடுங்கள். 1991 முதல் தெற்காசியப் பெண்களுக்காக இங்கே வேலை செய்கிறார்கள். பெயர் வெளியே போகாது.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா

சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் இங்கே வசிப்பவர்களாகக் கருதப்பட மாட்டார்கள். மெடி-காலும் கிடையாது, கவர்டு கலிபோர்னியாவும் கிடையாது. பயணக் காப்பீடுதான். அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்ட மலிவுத் திட்டத்தை எடுக்காதீர்கள். ஒரு நாள் மருத்துவமனை வாசத்துக்கே அது போதாது. விரிவான திட்டம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவை திடீரென்று தீவிரமானால் எவ்வளவு தருவார்கள், எந்த வயதுக்கு மேல் அது குறைகிறது என்ற பத்தியை எழுத்து விடாமல் படியுங்கள். விமானம் ஏறும் நாளிலிருந்தே தொடங்குவதுபோல் வாங்குங்கள்.

மருந்துகளை 90 நாள் வரைக்குமானதாக, மூல அட்டைகளோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயரை எழுதி வையுங்கள். டெல்மா என்றால் இங்கே யாருக்கும் புரியாது, டெல்மிசார்டான் என்றால் புரியும். கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின். பாராசிட்டமாலுக்கு இங்கே அசெட்டமினோஃபென் என்று பெயர், டைலனால் என்று விற்கும். ஊர் மாத்திரையையும் டைலனாலையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரல் கெடும்.

பெற்றோர் கிரீன் கார்டில் வந்தால் கதை வேறு. வந்த 60 நாளுக்குள் கவர்டு கலிபோர்னியாவில் சேர்க்கலாம். 65 வயதாகி, கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வசித்த பிறகு, வேலை வரலாறு இல்லாவிட்டாலும் பிரீமியம் கட்டி, முதியோருக்கான கூட்டாட்சிக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். எப்போது சேர்வது, தாமதித்தால் என்ன அபராதம் என்பதையெல்லாம் ஏஜென்டிடம் கேட்பதற்கு முன், சோர்ஸ்வைஸ் அமைப்பு இந்தக் கவுண்டியில் நடத்தும் ஹைகேப் ஆலோசனைக்கு நேரம் வாங்குங்கள். இலவசம், அவர்கள் எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை. போகும்போது கிரீன் கார்டு, பாஸ்போர்ட், பெற்றோர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் மூன்றையும் கொண்டுபோங்கள். எந்தத் திட்டத்தில் எந்த மருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருவார்கள்.